ரவாவின் பதினொரு மணி

ரவாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவுக்குத் தம்பி. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு ஷூ டப்பாவை ஏந்தியபடி எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே வறுத்த ரவை நிறத்தில் ஒரு முயல்குட்டி. இதைக் கறிக்கு விற்றார்களா, வளர்க்க விற்றார்களா என்று அப்பா கேட்டார். மாமா டப்பாவை என் கையில் கொடுத்தார். "புள்ள தெனமும் தனியா கெடக்குது, அதான்" என்றார்.

 டீ போடுகிறேன் என்று அம்மா எழுந்து போனாள். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார். எனக்கோ பெருமையாக இருந்தது. பள்ளிவிட்டு வந்து நான் கழிக்கிற நேரத்துக்குத் தனிமை என்று பெயர், அதைப் பெரியவர்கள் கவனித்திருக்கிறார்கள், அதற்காக ஒரு முயலே பரிசாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. வைட்ஃபீல்டில், பெரிய கேட் போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு எதிர்ச்சாரியில், ஒரு தனிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். காலை ஏழேகாலுக்கு அம்மா கிளம்பிவிடுவாள். ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஏழே முக்காலுக்கு என் பள்ளி வேன். அப்பா கடைசியாக ஒன்பது மணிக்கு லேப்டாப் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, மெயின் ரோடு வரை நடந்துபோய் ஆபீஸ் பஸ் ஏறுவார். மத்தியானம் மூன்றரைக்கு வேன் என்னை இறக்கிவிடும். கீழ்வீட்டு ஓனர் ஆன்ட்டி ஜன்னல் கம்பி வழியாக எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை நீட்டி, "ஊட்டா ஆய்த்தா புட்டி?" என்று கேட்பார். சாப்பிட்டாயிற்று என்று தலையாட்டிவிட்டு மேலே ஏறுவேன். பிறகு ஆறரைக்கு அம்மா வரும்வரை மூன்று மணி நேரம். யார் வந்தாலும் கதவைத் திறக்கக்கூடாது. அடுப்பைத் தொடக்கூடாது. மொட்டைமாடிக்குப் போகக்கூடாது. நாலு மணிக்கு அம்மா போன் செய்து, பால் குடிச்சியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பால்கனியில் நின்றால் எதிர்க் குடியிருப்பின் நீச்சல் குளமும் சறுக்குமரமும் தெரியும். அங்கே விளையாட வருகிற பிள்ளைகள் சிலருக்கு நானாகவே பெயர் வைத்திருந்தேன். அவர்களில் ஒருவருக்கும் நான் ஒருத்தி இங்கே நிற்பது தெரியாது.

ரவா வந்த பிறகு அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு முகம் வந்தது. நான் பூட்டில் சாவியைப் போடும்போதே உள்ளே நகங்கள் தரையில் கீறுகிற சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஷூவைக் கழற்ற விடாது. முயலுக்குக் குரல் கிடையாது என்பதால் மற்ற எல்லாவற்றையும் வைத்துத்தான் அதன் மனசைப் படிக்க வேண்டும். அம்மாவின் பழைய போனில் தேடித் தேடி நான் அதைக் கற்றுக்கொண்டேன். பல்லை மெல்ல உரசினால் சந்தோஷம். சத்தமாக நறநறவென்று கடித்தால் வலி. பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டினால் பயம், அல்லது கோபம். திடீரென்று பக்கவாட்டில் தொப்பென்று விழுந்து கிடந்தால் செத்துவிடவில்லை, நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். பகலெல்லாம் சோபாவுக்கு அடியில் தூங்கும். சாயங்காலம்தான் அதற்கு விடியும். நாலரைக்கு நான் கொத்தமல்லித் தண்டு கொடுப்பேன். ஐந்துக்குக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டம். ஐந்தரைக்கு நான் வீட்டுப்பாடம் எழுதும்போது என் முட்டியில் முகவாயை வைத்துத் தேய்க்கும். தனக்குச் சொந்தமானவற்றை முயல் அப்படித்தான் அடையாளம் வைக்குமாம். அதைப் படித்த அன்றைக்கு நான் அந்த முட்டியைக் கழுவவில்லை.

அப்பாவுக்கு ரவாவைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. "இன்னா இது, வீடு பூரா மிளகு மிளகா போட்டு வெச்சிருக்குது" என்று காலைத் தூக்கித் தூக்கி நடப்பார். அது அருகில் வந்தால் செய்தித்தாளால் ஒரு வேலி கட்டிக்கொள்வார். சாப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. முயலிலும் முதலில் பிழைகள்தான் கண்ணில் பட்டன போலும்.

மாறுதல் தொடங்கியது அரையாண்டுப் பரீட்சைக்கு ஒன்றரை மாதம் முன்பு.

ஒரு நாள் சாவியைப் போட்டபோது நகச் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்தேன். ரவா கூடத்தின் நடுவில் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரம் கொத்தமல்லித் தண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டு, தின்னாமல் விட்டது. காலையில் போட்ட புல் போட்டபடி இருந்தது. ஐந்து மணி ஓட்டம் நின்றது. சாயங்காலம் விடிகிற முயலுக்கு இப்போது சாயங்காலம் தூக்கம் வந்தது. மிளகு போல் உருண்டையாக விழுவது சின்னதாகவும், சில நாள் ஒட்டும் பதத்திலும் விழுந்தது. உடம்பு மட்டும் இளைக்கவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "க்ளைமேட் மாறுது, அப்படித்தான் இருக்கும்" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். "அதுவும் வளருது இல்ல? வயசானா ஆட்டம் கொறையும்" என்றார். ரவாவுக்கு அப்போது ஒரு வயது.

என் கன்னட நோட்டின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை போட்டு எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு எங்கே உட்கார்ந்தது, எவ்வளவு தின்றது, எத்தனை முறை எழுந்தது என்று எல்லாம். எழுத எழுத ஒன்று மட்டும் தெளிவாயிற்று. ரவாவுக்கு நான் அலுத்துவிட்டேன். நோய் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் பயந்தது இதற்குத்தான். வீட்டுப்பாடத்தை வேண்டுமென்றே சத்தமாகப் படித்துப் பார்த்தேன். தரையில் படுத்து அதன் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தேன். அது மரியாதையாக எழுந்து சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. மூவரும் வீட்டில் இருந்தோம். பகலில் தூங்க வேண்டிய ரவா, பதினொரு மணி ஆவதற்குச் சற்று முன்னால் எழுந்தது. வாசல் கதவருகே போய்ப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. காதுகள் இரண்டும் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. அது யாருக்கோ காத்திருந்தது. முயல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? முன்பெல்லாம் எனக்காக அப்படித்தானே நின்றிருக்கும்! யாரும் வரவில்லை. திரும்பியது. நேராக சோபாவில் இருந்த அப்பாவிடம் போய் அவர் காலைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தது.

அப்பா இரண்டு காலையும் சட்டென்று சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "இன்னா இது, புதுசா காலைச் சுத்துது" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கும் அதுவே நடந்தது. நோட்டில் எழுதினேன்: சனி 10.55, கதவு. ஞாயிறு 10.55, கதவு. எழுதினேனே தவிர, வாரநாட்களில் அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்துகொண்டு யார் வரக்கூடும் என்று யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் இருப்பதில்லை என்பது சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல எனக்கு உறுதியான விஷயம். ஒரு நாள் சாவியை நீட்டும்போது ஓனர் ஆன்ட்டி, "உங்க அப்பா இவத்து..." என்று, இன்றைக்கு அப்பா என்னவோ என்பதுபோல் ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து பார்த்ததும், "ஏனில்லா, ஹோகு" என்று, ஒன்றுமில்லை போ என்பதாக, ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அதையும் நான் யோசிக்கவில்லை.

பரீட்சை முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை, நான் வந்தபோது ரவா குளியலறை மூலையில் பந்துபோல் சுருண்டு உட்கார்ந்திருந்தது. தொட்டால் நகரவில்லை. காது ஜில்லென்றிருந்தது. பற்கள் நறநறவென்று கடிபட்டன. அன்று முழுவதும் ஒரு மிளகுகூட விழவில்லை. ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தால் முயலின் குடல் நின்றுபோகும், அதன் பிறகு காப்பாற்றுவது கஷ்டம் என்று நான் படித்திருந்தேன். அம்மாவின் லேபுக்கு நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. போனை எடுத்த யாரோ ஒருவர் அம்மாவைக் கூப்பிடப் போனார். அந்த நேரம் முழுவதும் நான் ரவாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் எதுவும் தப்பாகக் கொடுக்கவில்லையே, கொடுக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா சீக்கிரமே வந்தாள். அப்பாவுக்கும் சொல்லியிருந்தாள். நாங்கள் ஆட்டோவுக்காகக் கீழே இறங்கியபோது அவரும் லேப்டாப் பையோடு வந்து சேர்ந்தார். ஆபீஸிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எப்படி வர முடிந்தது என்று அம்மா கேட்டாள். அப்பா ஆட்டோவைக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

கால்நடை டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. கன்னடக்காரர். அம்மா தங்கவயலில் வளர்ந்தவள், கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. எனக்குப் பள்ளிக்கூடக் கன்னடம் தெரியும். குடியாத்தத்திலிருந்து வந்த அப்பாவுக்கு ஆட்டோவுக்கும் காய்கறிக்கும் வேண்டிய அளவுதான். அவர் சுவரோரமாக, பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்.

டாக்டர் ரவாவின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். காற்று அடைத்து வயிறு கல்லாக இருப்பதாகச் சொன்னார். என்ன தின்றது என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். புல், கொத்தமல்லித் தண்டு, காலையில் ஒரு பிடி முயல் தீனி. வேறெதுவும் இல்லை. வாழைப்பழம்? இல்லை. பிஸ்கட், ரொட்டி, இனிப்பு? இல்லவே இல்லை. வீட்டில் வேறு யாராவது கொடுத்திருப்பார்களா? பகலில் வீட்டில் யாருமே கிடையாது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கோபம்கூட வந்தது. நோட்டை எடுத்துக் காட்டினேன். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், கெட்டிக்காரி என்றார்.

பிறகு அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். சாப்பாட்டில் கோளாறு இல்லையென்றால் ஒயரையோ பிளாஸ்டிக்கையோ விழுங்கியிருக்க வேண்டும். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், அடைப்பு இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும். முயலுக்கு மயக்கமருந்து கொடுத்தால் எல்லா முயலும் திரும்பி விழிப்பதில்லை. தாழ்ந்த குரலில் பேசினாலும் பள்ளிக்கூடக் கன்னடத்துக்கு அது போதுமான அளவு புரிந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

"நானே கொட்டே."

அப்பாவின் குரல். நான்தான் கொடுத்தேன் என்கிறார். டாக்டர் திரும்பினார். எங்களில் யாரோடும் கன்னடம் பேசாத அப்பா, அன்று டாக்டரின் மேஜையைப் பார்த்தபடி, தன்னிடம் இருந்த கொஞ்சம் கன்னடத்தையும் திரட்டிப் பேசினார். வாழைப்பழம். பிஸ்கட். சப்பாத்தி. நேற்றைக்கு மூன்று பழம். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். இரண்டு மாசம் என்று விரலைக் காட்டினார். எந்த நேரத்தில்?

"தினா மத்யான்னா" என்றார் அப்பா.

டாக்டருக்கு அது மிக நல்ல செய்தி. நல்லவேளை சொன்னீர்கள், கத்தி வைக்க வேண்டியதில்லை, ஊசியிலும் மருந்திலும் சரி பண்ணிவிடலாம் என்று எழுந்து சிரிஞ்சை எடுக்கப் போனார். முயல் பிழைக்க வழி தெரிந்தது. ஆனால் அம்மா முயலைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். காலையில் தான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா அதற்குள் இருப்பது வெளியே தெரிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "மத்தியானம் நீ ஆபீஸ்ல இல்ல இருப்ப?" என்று கேட்டேன்.  டாக்டர் ரவாவின் முதுகுத் தோலைத் தூக்கி ஊசி போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவும் அப்பாவும் சமையலறைக்குள் போனார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்கள். எனக்குத் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. ரவாவுக்கு இனி என்ன கொடுப்பது என்று பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு பேச அதில் என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். காலையில் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, "அப்பா கொஞ்ச நாளைக்கு வீட்டுலதான் இருப்பாரு. வெளியில யாரு கேட்டாலும் லீவுன்னு சொல்லு" என்றாள்.

ஆபீஸில் அப்பாவின் குழுவையே கலைத்து அனுப்பிவிட்டார்கள் என்பதும், அதை வீட்டில் சொல்ல வாய் வராமல் அவர் தினமும் ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போனார் என்பதும், ஓனர் ஆன்ட்டி சமையலில் மும்முரமாக இருக்கும் பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, மூன்று மணிக்கு, நான் வருவதற்குச் சற்று முன்பு மறுபடி வெளியே போய்விட்டார் என்பதும் துண்டு துண்டாகப் பின்னால் தெரிந்துகொண்டவை. மூன்றிலிருந்து ஏழு வரை எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் அவர் இன்றுவரை சொன்னதில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அப்பா எனக்குத் தெரியாமல் என் முயலை எடுத்துக்கொண்டுவிட்டார். நான் தின்னக் கொடுத்ததை அது முகர்ந்துவிட்டு விட்டதற்கும், என் சாவிச் சத்தத்துக்கு எழாததற்கும், முட்டியில் முகவாயைத் தேய்க்க மறந்ததற்கும் காரணம் அவர். இரண்டு மாதம் நான் நோட்டில் எழுதியது அவரைத்தான். அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

ரவாவுக்கு இரண்டு மூன்று நாளைக்கு மணிக்கணக்குப்படி சிரிஞ்சில் கூழ் புகட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு வேலை, எனக்குப் பள்ளி. வேறு வழியில்லாமல் அது அப்பாவின் பொறுப்பாயிற்று. அவர் ஆபீஸில் செய்வதைப் போலவே ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். பதினொன்று, ஐந்து மில்லி, விழுங்கியது. ஒன்று, ஐந்து மில்லி, பாதி துப்பியது. அந்தச் சனிக்கிழமை பள்ளி வைத்திருந்தார்கள். நான் வந்தபோது அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம். அதில் ஏழெட்டு மிளகு. "பாரு பாப்பா, போட்டுடுச்சு! பன்னண்டரைக்கு!" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மாவுக்கும் போன் செய்து சொல்லியிருந்தாராம்.

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன். "இனிமே என் முயலைத் தொடாதே" என்றேன்.

"சரி" என்றார் அப்பா.

ரவா எழுந்து நடமாடத் தொடங்கியதும், அதற்கென்று வாங்கி மூலையில் சும்மா கிடந்த கூண்டைப் பால்கனிக்கு இழுத்து வைத்தேன். பழைய சூட்கேஸ் ஒன்றின் குட்டிப் பூட்டைத் தேடிப் பிடித்து, தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கூண்டைப் பூட்டினேன். சாவியைப் பென்சில் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா அதைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன பத்தியத்துக்காக என்று நினைத்திருக்கலாம். நானும் அதைத்தான் காரணமாக வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் ரவாவின் சாயங்காலம் திரும்பி வந்தது. நான் கூண்டைத் திறந்தால் காலைச் சுற்றியது. கொத்தமல்லித் தண்டைக் கையிலிருந்து பிடுங்கித் தின்றது. ஐந்து மணிக்கு ஓடியது. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பகலில் அது கூண்டுக்குள் எப்படி இருந்தது என்பதை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

அப்பாவுக்கு ஐந்தாறு மாதம் கழித்து, அத்திபெலே பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. ரவா அதற்குப் பிறகும் ஆறு வருஷம் எங்களோடு இருந்து, வயசாகி, ஒரு மழை நாளில் சோபாவுக்கு அடியில் செத்துப்போனது. இதையெல்லாம் இப்போது நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பது, அந்த இடைப்பட்ட மாதங்களில் வந்த ஒரு பந்த் நாள்.

ஊரில் கடைகளை அடைக்கச் சொல்கிறார்கள், பஸ் நிற்கப் போகிறது என்று வதந்தி கிளம்பி, பள்ளியில் எங்களைப் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேன் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. மேலே கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இங்கிலீஷில் பேசுகிற சத்தம் கேட்டது. விருந்தாளி என்று நினைத்துப் பூனைபோல் நடந்து பால்கனிக் கதவருகே போய் நின்றேன்.

அப்பா கூண்டுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டு. கீழே லுங்கி. கம்பி இடுக்கில் ஒரு விரலை நுழைத்திருந்தார். ரவா உள்ளிருந்து அந்த விரலோடு நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. "ஐ ஹேவ் ட்வெல்வ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ். ஐ ஆம் எ குட் டீம் பிளேயர்" என்று அவர் ரவாவிடம் சொன்னார். எதிரே யாரோ கேள்வி கேட்டதுபோல் தலையாட்டினார். "யெஸ். தேர் இஸ் எ ஸ்மால் கேப்" என்று, வேலையில் விழுந்த இடைவெளியை ஒப்புக்கொண்டார். திருப்பிச் சொன்னார். இன்னும் மெதுவாக ஒரு தடவை சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். பல நாளாகப் பேசாமல் இருந்ததை நான் அந்த நிமிஷத்தில் மறந்துபோனேன்.

"முயலுக்கு இங்கிலீஷ் புரியுமாப்பா?"

"புரியாது. அதான் அதுங்கிட்ட பேசறேன்" என்றார்.

நான் குனிந்து கூண்டைச் சோதித்தேன். பழத்தோல் இல்லை. பிஸ்கட் தூள் இல்லை. அதோடு விடாமல், கையைக் காட்டச் சொன்னேன். அப்பா விரலைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. எனக்குத் திருப்தி. பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு யூனிஃபார்ம் மாற்ற உள்ளே போனேன். பின்னால் அவர் தாழ்ந்த குரலில் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பது கேட்டது.

மறுநாள் வேனில் இதைக் கதையாகச் சொன்னேன். மேலே சட்டை கீழே லுங்கி என்றதும் வேனே சிரித்தது. அதுவரை என்னோடு அதிகம் பேசாத பிள்ளைகள்கூட இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். நான் அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அன்றைக்கு நான் வேனிலிருந்து இறங்கும்போது ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

பேச ஆளில்லாத வீட்டில் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது அந்தக் குடும்பத்தில் என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். அவருக்கு முழுப் பகலும். அதை அப்படி நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கும் அது நேரும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அந்த வீட்டில் ஓர் உயிரின் பக்கத்தில் உட்கார மட்டுமே விரும்பினார். பந்த் அன்று சாவி என் தோள்பைக்குள், பென்சில் டப்பாவில் இருந்தது. கூண்டைத் திறந்து ரவாவை அவர் மடியில் விட ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது தோன்றவே இல்லை.